நெய்தது ஆரணி, பெயர் யாருக்கு?

அன்னத்தின் கழுத்து நீண்டுவிட்டது. வரைந்தவர் மேல் தப்பில்லை. அட்டை குத்தியவர் மேலும் தப்பில்லை. ஒரே அட்டைக்கட்டை இரண்டு தறிகளில் ஏற்றினால், ஒன்றில் அன்னம் அளவாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் கொக்காகிக் கழுத்தை நீட்டும். எல்லாம் நெசவாளியின் கைவாகு. பலகையை இழுத்து அடிக்கிற அடி பலமாக விழுந்தால் ஊடை இழைகள் நெருங்கி உட்காரும், உருவம் குள்ளமாகும். அடி இளகினால் உருவம் நீளும். ஆகவே பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர், கிராஃப் தாளில் பென்சிலை வைக்கும் முன்பே, இது எந்தத் தறிக்குப் போகிறது, அங்கே உட்காருகிறவரின் கை எப்படிப்பட்டது என்று கேட்டுவைத்துக்கொள்வார்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் பெரும்பாலும் அரிசியால் தெரியும். அரிசி ஆலைகளைத் தாண்டித் தெருக்களுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் அதே சத்தம்தான். சென்னை, பெங்களூரு மாதிரி நகரங்களில் இப்போது ஓவியர், வடிவமைப்பாளர், படம் பிடிப்பவர், விளம்பரம் எழுதுபவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் மேசை பகிர்ந்து வேலை செய்யும் ஸ்டூடியோக்கள் பெருகியிருக்கின்றன. கூட்டுப் படைப்பு என்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆரணியில் அது நான்கைந்து தெருக்களில் பரவி, பல தலைமுறைகளாக நடக்கிறது. பெயர்ப்பலகை மட்டும்தான் கிடையாது. இந்தக் கட்டுரையின் கவலையும் அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றியதுதான்.

ஒரு புடவை எத்தனை பேர் கை பட்டு வருகிறது என்று பார்ப்போம்.

பெங்களூரு பக்கமிருந்து வரும் கச்சாப் பட்டில் இயற்கையான கோந்து ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் கோந்து கழன்று பட்டு பளபளப்பாகும். எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரோடு போய்விடும். அடுத்தது சாயம். சாயக்காரரிடம் நிற அட்டை கொடுப்பவர்கள் குறைவு. பழைய புடவையின் ஒரு துண்டு, ஒரு ரவிக்கைத் துணி, இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம், இவைதான் போகும். செல்பேசித் திரையில் தெரியும் பச்சை வேறு, கொப்பரையில் இறங்கும் பச்சை வேறு. அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து நிரப்புகிறவர் சாயக்காரர். பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் கொடுத்து, வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்றபடி மாறும் இரட்டைச் சாயலை மனத்தில் கலந்து பார்த்து முடிவு செய்வதும் இந்த வட்டாரத்தில் அவருக்கும், நூலும் கூலியும் கொடுத்து நெய்விக்கும் மாஸ்டர் வீவருக்கும் இடையே நடக்கிற பேச்சுதான்.

பாவு ஓட்டுவது இன்னொரு வீடு. பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது பெரும்பாலும் பெண்கள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு முறுக்கு. அவ்வளவுதான், அடுத்த இழை. ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்கும் இந்த வேலைக்குப் புடவையின் விலைச்சீட்டில் தனிக் கணக்கு எதுவும் இருக்காது. ஊடை நூலுக்குத் தார் சுற்றுவதும் அப்படித்தான், வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். நெசவாளி என்று ஓர் ஆணின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யும்போது, அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் பெண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி கிராஃப் தாள். குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. மேலிருந்து கீழே எண்ணினால் வரும் ஒவ்வொரு வரிசையும் ஊடையில் ஓர் ஓட்டம். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. முந்நூறு வரிசையில் ஒரு மயில் முடிகிறது என்றால் முந்நூறு அட்டைகள். நிறம் தீட்டிய கட்டம் வருகிற இடத்தில் அட்டையில் துளை. மற்ற இடம் மூடியிருக்கும். பெட்டியில் அட்டை வந்து அமரும்போது துளைக்குள் ஊசி நுழையும். அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி தூக்கப்படும். கொக்கியில் தொங்கும் பாவு இழை எழும்பும். இடைவெளியில் சரிகை நாடா பாயும். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த உத்தி இது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே விடையில் படத்தைச் சேமிக்கும் இந்த அட்டையைத்தான் பின்னால் கணிப்பொறிக்கு முன்னோடி என்றார்கள். இப்போது கணினியில் டிசைன் வரைந்து, அட்டையே இல்லாத மின்னணுப் பெட்டிகளும் பட்டுத் தறிகளுக்கு வந்துவிட்டன. அப்படியும் அட்டை குத்தும் கடைகளுக்கு வேலை இருக்கிறது.

பாவும் ஊடையும் ஓர் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. அதனால் தாளில் வட்டமாக வரைந்தால் துணியில் முட்டையாகும். துணியில் வட்டம் வேண்டுமென்றால் தாளில் முட்டை வரைய வேண்டும். அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை என்று காட்டும் அச்சு எண்ணைச் சொல்லாமல் யாரும் இங்கே டிசைன் வாங்க முடியாது. பட்டணத்து மாணவர்கள் கணினியில் போட்டுக்கொண்டு வரும் அழகான பூக்கள் தறியில் ஏறியதும் முகம் கோணிப்போவது இதனால்தான். அந்த நேரத்தில் ஒரு டிசைன் வீட்டில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"இன்னாண்ணே, மாங்கா படுத்துக்கினு கீது?"

"உன் கை அப்படிப்பா. அங்குலத்துக்கு நாலு ஓட்டம் கொறச்சி வெச்சிப் பாரு."

"கொறச்சா மொதலாளி துணி தளர்ச்சின்னுவாரு."

"சரி, அட்டையில ரெண்டு வரி சேத்துத் தர்றேன். கரை மட்டும் பழைய மாதிரியே வுட்டுடு."

அந்த 'ரெண்டு வரி'தான் கூட்டுப் படைப்பு. வரைந்தவரும் நெய்தவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. புடவை கடைக்குப் போகும்போது இரண்டு பேரின் பெயரும் அதில் இருக்காது.

பெயர் இல்லாமல் போவது ஆரணிக்கு இயல்பாகவே வாய்த்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பதிவுகளில் 'ஆரணி மஸ்லின்' என்று ஊர் பெயரோடேயே ஒரு மெல்லிய பருத்தித் துணி பேசப்படுகிறது. டாக்கா மஸ்லின் அளவுக்குப் புகழ் இல்லை என்றாலும், வடாற்காட்டில் நெய்த துணிக்கு ஊர் பெயரே முத்திரையாக இருந்த காலம் அது. சரித்திரப் புத்தகத்தில் ஆரணி வருவது பெரும்பாலும் சண்டைகளுக்காக: 1751-இல் கிளைவ், 1782-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும். அதே புத்தகங்கள் துணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொரு வேலை இங்கே பொருத்தமானது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866-இல் இந்தியத் துணிகளின் மாதிரித் துண்டுகளைப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி வெளியிட்டார். மொத்தம் 700 மாதிரிகள்; இருபது பிரதிகள்; அவற்றில் பதின்மூன்று பிரிட்டனுக்குள்ளேயே வைக்கப்பட்டன. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று அங்குள்ள ஆலை முதலாளிகள் பார்த்து, அதையே நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது நோக்கம். நீளம், அகலம், எடை, கிடைத்த இடம் எல்லாம் குறித்தார்கள். நெய்தவர் யார் என்பது அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. டிசைன் திருட்டை இவ்வளவு ஒழுங்காக, அரசாங்கச் செலவில், நூலகத் தரத்தில் யாரும் அதற்கு முன் செய்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பருத்தி போய்ப் பட்டு வந்தது. பட்டோடு காஞ்சிபுரத்தின் நிழலும் வந்தது. ஆரணியில் நெய்த புடவை காஞ்சிபுரம் போய், அங்கே கடையில் மடிப்பு மாறி, காஞ்சிப் பட்டாக வெளியே வருவது ஊரறிந்த கதை. காஞ்சி வியாபாரிகளுக்கு இந்த வட்டாரத் தறிகளில் கூலிக்கு நெய்துகொடுக்கும் வழக்கம் பழையது. இதில் காஞ்சி நெசவாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் இதே கூலிதான், இதே கடன்தான். 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. பெயரால் கிடைக்கும் லாபம் தறிக்குப் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06-இல். அடுத்த சில ஆண்டுகளில் ஆரணிப் பட்டுக்கும் கிடைத்தது. அப்போது ஊரில் இனிப்பு வழங்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பாதியில் நிற்கிறது. குறியீடு ஊருக்குக் கிடைத்தாலும், அதைத் தன் புடவையில் பயன்படுத்த ஒவ்வொரு நெசவாளியும், ஒவ்வொரு சங்கமும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-இல் ஐந்நூறு ரூபாயிலிருந்து பத்து ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். நாடு முழுவதற்குமான பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். ஆரணியில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். பணமும் தூரமும் தடை இல்லை. பதிவு செய்துகொண்டால் என்ன கிடைக்கும் என்று நெசவாளி கேட்டால் சொல்ல யாரிடமும் தெளிவான பதில் இல்லை, அதுதான் தடை. கூலிக்கு நெய்பவரின் புடவை முதலாளியுடையது. முதலாளி அதை எந்தப் பெயரில் விற்றால் அதிகம் கிடைக்குமோ அந்தப் பெயரில்தான் விற்பார்.

முத்திரைகளுக்கும் பஞ்சமில்லை. சுத்தப் பட்டு என்பதற்கு 2004-இலிருந்து 'சில்க் மார்க்'. கைத்தறி என்பதற்கு 2006-இலிருந்து 'ஹேண்ட்லூம் மார்க்'. 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி நாளைச் சென்னையில் கொண்டாடியபோது பிரதமர் தொடங்கிவைத்த 'இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டு'. மூன்றும் தேவைதான். பட்டு அசலா, தறி கைத்தறியா, தரம் சரியா என்ற கேள்விகளுக்கு அவை பதில் சொல்லும். யார் வரைந்தது, யார் நெய்தது என்பதற்குச் சொல்லாது. கோ-ஆப்டெக்ஸ் இதில் ஒரு படி முன்னே போனது. பட்டுப் புடவையோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள ஓர் அட்டையைச் சேர்த்து விற்றார்கள். 1935-இல் தொடங்கிய அமைப்பு எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்துச் செய்த எளிய காரியம். அந்த அட்டையில்கூட டிசைனருக்கும் சாயக்காரருக்கும் இடம் கிடைக்கவில்லை.

ஓவியரும் நெசவாளியும் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அருண்டேல் 1937-இல் தறி போட்டார். நாட்டியத்துக்கும் மேடைக்கும் ஏற்ற பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டார்; 'கலாக்ஷேத்ரா புடவை' என்றே ஒரு வகை நிலைத்துவிட்டது. 1950-களின் பிற்பகுதியில் புபுல் ஜெயகர் முயற்சியில் நெசவாளர் சேவை மையங்கள் சென்னை உட்படப் பல ஊர்களில் வந்தன. அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்து நெசவாளிக்கு டிசைன் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே.ஜி. சுப்ரமணியன் மும்பையில், பிரபாகர் பர்வே வாரணாசியில், எம். ரெட்டப்ப நாயுடு சென்னையில் என்று இந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பல அந்த மேசைகளில் இருந்தன. பர்வேயின் கித்தான்களில் காசி நாட்களின் சாயல் தெரியும் என்று கலை விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். காசித் தறியில் பர்வேயின் சாயல் எவ்வளவு ஒட்டியது, அதை நெய்த கை யாருடையது என்று எழுத யாரும் மெனக்கெடவில்லை.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை இன்னும் நெருக்கமானது. கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி ஊர் அமைத்தார்கள். அதற்கான பணம் பெருமளவு ஓவியம் விற்று வந்ததல்ல. பாத்திக் துணி விற்று வந்தது. கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, துணிக்கு மெழுகு தடவி, சாயம் முக்கி, விற்ற பணத்தில் மனை வாங்கிய ஓவியர்கள் அவர்கள். கூட்டாகச் சம்பாதித்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஏற்பாட்டில் ஆரணிக்கு ஒரு பாடம் இருக்கிறது: பொதுவில் எது, தனியுடைமை எது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள்.

பெயர் சூட்டுவதில் நம்மூர்ப் பட்டின் பெரிய வெற்றி எது என்று கேட்டால் நான் 'எம்.எஸ். புளூ'வைச் சொல்வேன். காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்வித்துக் கொடுத்த நீலம். விளம்பர நிறுவனம் இல்லை, லோகோ இல்லை. ஒரு பாடகி மேடையில் அதை உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். சபாவில் இருந்த பெண்கள் மறுநாள் கடையில் போய் அதே நீலத்தைக் கேட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். பிராண்டு என்பது கடைசியில் வாங்குகிறவர் கடைக்குள் நுழைந்து பெயர் சொல்லிக் கேட்பதுதான். ஆரணிப் பட்டு காட்டுங்கள் என்று தியாகராய நகரில் கேட்பவர்கள் எத்தனை பேர்?

கேட்கவைக்க முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் காஞ்சியின் பின்னால் ஓடி அல்ல. மூன்று நாடா போட்டு, உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோர்த்து, எதிர்ப்பக்கம் ஓர் ஆளை உட்காரவைத்து நெய்யும் கோர்வைப் புடவை காஞ்சியின் அடையாளம், முகூர்த்தப் பட்டு. ஆரணியின் பலம் வேறு. எடை குறைவு, கட்டங்களிலும் கோடுகளிலும் தேர்ச்சி, பெரும்பாலும் கோர்வை இல்லாத எளிய நெசவு, விலையும் அதற்கேற்ற மாதிரி. பள்ளி ஆசிரியையும் வங்கி ஊழியரும் காலையில் கட்டிக்கொண்டு மாலைவரை நடமாடக்கூடிய பட்டு இது. பண்டிகைக்கு மட்டுமே பீரோவைத் திறக்கும் வழக்கம் மாறிவரும் காலத்தில் லேசான பட்டுக்குச் சந்தை இருக்கிறது. சரிகையும் கச்சாப் பட்டும் விலை ஏறிக்கொண்டே போவதும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. இதையெல்லாம் மறைத்து, அரைச் சரிகையில் கனமான கரை போட்டுக் காஞ்சி மாதிரி என்று விற்பதில் ஆரணிக்கு வருவது குறைந்த விலை, காஞ்சிக்கு வருவது கெட்ட பெயர்.

வெளிநாட்டில் இதற்கு நல்ல உதாரணம் ஜப்பானின் கியோட்டோவில் இருக்கும் நிஷிஜின். அதுவும் தெருத் தெருவாக வேலை பிரிந்து கிடக்கும் பட்டு நெசவு வட்டாரம். சாயத்துக்கு ஒரு வீடு, டிசைனுக்கு ஒரு வீடு, தறிக்கு ஒரு வீடு. அங்கே நெசவாளர் சங்கம் ஒவ்வொரு துணிக்கும் ஒட்டும் சான்றுச் சீட்டில் தயாரிப்பாளரின் எண் இருக்கும். ஊர் பெயர் பொது, எண் தனி. கிமோனோ உடுத்துவது குறைந்தபோது, 1688-லிருந்து இயங்கும் ஹோசோ நிறுவனம் தறியின் அகலத்தை மாற்றியமைத்து, பீட்டர் மரினோ என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரோடு சேர்ந்து டியோர் கடைகளின் சுவர்களுக்குத் துணி நெய்தது. இடுப்புப் பட்டைக்கென்று குறுகலாக நெய்தவர்கள் சுவருக்கு நெய்யத் தொடங்கினார்கள். நெசவு அதேதான்; பயன் மாறியது. இலங்கையில் பார்பரா சன்சோனி 1964-இல் தொடங்கிய 'பேர்ஃபுட்' வேறு வழி: கன்னியாஸ்திரிகள் நடத்திய தறிக்கூடத்துப் பெண்களுக்கு அவர் நிறம் தேர்ந்து கொடுத்தார், அந்த நிறச் சேர்க்கையே முத்திரையாகிவிட்டது. இரண்டுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். பேர்ஃபுட் என்றதும் சன்சோனி நினைவுக்கு வருகிறார், நெய்த பெண்கள் வருவதில்லை. நிஷிஜின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் யார் செய்தது என்று போய்ச் சேரலாம். எனக்கு நிஷிஜின் வழி பிடித்திருக்கிறது.

ஆரணிக்கு என் யோசனை ஒரு பொதுக்கூடம். ஆரணி பஜாரில் ஒரு மாடி. வாடகைக்கே எடுக்கலாம். உள்ளே இரண்டு கணினி, ஒரு மாதிரித் தறி, படம் எடுக்க ஒரு வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம். சுவரோரம் இரும்பு அலமாரிகளில் பழைய கிராஃப் தாள்களும் அட்டைக்கட்டுகளும். பரணிலும் கோணிப்பையிலும் கிடந்து கரையான் தின்னும் அந்தத் தாள்களில்தான் இந்த ஊரின் ஐம்பது, அறுபது வருஷத்து வைரஊசியும் தாழம்பூ ரேக்கும் மல்லிமொக்கும் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, யார் போட்டது, எந்தத் தறியில் ஏறியது என்று எழுதிவைப்பது முதல் வேலை. பல சங்கங்களும் மாஸ்டர் வீவர்களும் சேர்ந்து ஒரு படப்பிடிப்பாளரையும் ஒரு டிசைனரையும் பகிர்ந்துகொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் ஆரணிப் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கட்டில் மேல் விரித்துப் போட்டு, மின்விசிறி நிழலோடு எடுத்த படங்களை வைத்துக்கொண்டே விற்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளைச் சுவர் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம்.

லோகோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் எந்தத் திட்டமும் லோகோவில் தொடங்கி லோகோவோடு முடிவதைத்தான் பார்க்கிறோம்.

இந்த யோசனையைச் சொன்னதும் மாஸ்டர் வீவரிடமிருந்து வரக்கூடிய எதிர்ப்பு ஒன்றுதான்: என் டிசைனை அங்கே வைத்தால் நாளைக்கே எதிர்த் தெருவில் ஓடும். பயம் நியாயமானது. இப்போதும் அதுதானே நடக்கிறது. ஒரு புட்டா நன்றாக ஓடினால், புடவை கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து ஊரில் அட்டை குத்தியிருப்பார்கள். விசைத்தறிக்காரர்கள் பாலியஸ்டரில் அதையே இறக்கிவிடுவார்கள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று காகிதத்தில் காக்கிறது, டிசைனைக் காக்காது.

டிசைனைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஐந்து ஆண்டு பாதுகாப்பு. ஒரு நிபந்தனை: பதிவுக்கு முன் அந்த டிசைன் வெளியே வந்திருக்கக் கூடாது. விற்றுப் பார்ப்போம், ஓடினால் பதிவு செய்வோம் என்பது நம்மூர் வியாபார புத்தி. சட்டத்தில் அது செல்லாது. விற்ற அன்றே புதுமை போயிற்று. சரி, ஓவியத்துக்குக் காப்புரிமை தானாகவே உண்டே என்றால், 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அங்கே குறுக்கே நிற்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுதி இருந்தும் பதியாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பிரதி செய்துவிட்டால் காப்புரிமை போய்விடும். ஓடுகிற புட்டா ஒன்று ஐம்பது புடவையைத் தொட எத்தனை நாள் ஆகும்? நான்கு தறியில் போட்டால் ஒரு பருவத்தில் ஆகிவிடும்.

தனி நெசவாளியோ சின்ன டிசைனரோ இந்தப் பதிவு வேலையைச் செய்ய முடியாது. படிவம், வழக்கறிஞர், கொல்கத்தாவில் இருக்கும் வடிவமைப்புப் பிரிவோடு கடிதப் போக்குவரத்து என்று அது ஒரு தனி உத்தியோகம். பொதுக்கூடம் இருந்தால், மாதம் ஒருமுறை புது டிசைன்களை மொத்தமாகத் திரட்டி, தறியில் ஏறும் முன்பே அனுப்பலாம். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை. பழைய மாங்காய், ருத்ராட்சம், கோபுரக் கரை எல்லாம் ஊர்ப் பொதுச் சொத்து, அவற்றில் யாரும் உரிமை கோர முடியாது, கோரவும் கூடாது. புதிதாக மூளையைச் செலவழித்த பத்துப் பதினைந்தைக் காத்தால் போதும். வேறொருவர் அதைக் கேட்டால் ஒரு புடவைக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுக்கலாம். வரும் தொகையை வரைந்தவரும், முதல் தறியில் ஓட்டித் திருத்திய நெசவாளியும், சாயம் கண்டவரும் என்ன விகிதத்தில் பிரிப்பது என்பது சண்டைக்குரிய விஷயம். சண்டை வரட்டும். இதுவரை பிரிக்க எதுவும் இல்லாததால்தான் சண்டை இல்லை.

இதை அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் செய்யாறு. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தினமும் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. பெரும்பாலும் இளம் பெண்கள். உலகப் பிராண்டு ஷூக்களைத் தைக்கிற வேலை. மாதச் சம்பளம், பி.எஃப்., பஸ் எல்லாம் உண்டு. தறிக்குழியில் உட்காரும் அண்ணனைவிட ஷூ கம்பெனிக்குப் போகும் தங்கைக்குக் கையில் நிச்சயமான பணம் வருகிறது. போகக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வேறொருவர் பெயர் போட்ட பொருளைச் செய்வதுதான் இரண்டு இடத்திலும் என்றால், ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிற இடத்துக்குப் போவதுதானே புத்திசாலித்தனம்?

பொதுக்கூடம் வந்தால் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது மிச்சக் கேள்வி. கூட்டுறவுச் சங்கம் என்றால் மாஸ்டர் வீவர்கள் வரமாட்டார்கள். மாஸ்டர் வீவர்கள் கையில் கொடுத்தால் கூலி நெசவாளி படியேறமாட்டார். அரசு அலுவலகம் என்றால் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். என் ஓட்டு அட்டை குத்தும் கடைக்காரர்களுக்கு. போட்டி முதலாளிகள் பத்துப் பேரின் டிசைன்கள் ஒரே நேரத்தில் அவர்கள் கடையில்தான் கிடக்கும். யாருடையது எது என்று அவர்களுக்குத் தெரியும். எது எதிலிருந்து சுட்டது என்றும் தெரியும். ஒருவருடையதை இன்னொருவரிடம் காட்டினால் மறுநாளிலிருந்து கடைக்கு ஆள் வராது என்பதும் தெரியும். ஊரின் டிசைன்களை நம்பிக் கொடுப்பதற்கு எழுதாத ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஒரு பதிவேடும், பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டமும் போட வேண்டும்: வரைந்தவர், முதலில் நெய்தவர்.